பழுது வட்டிலா, கருவியிலா?



எங்கள் பாடசாலையின் பழைய பரிசளிப்பு விழா ஒன்றின் பதிவைச் சென்ற ஆண்டு கேட்க விழைந்தோம். 2008ஆம் ஆண்டில் இறுவட்டொன்றில் எழுதி வைத்த அப்பதிவில், பின்னர் மறைந்த ஆசிரியர் ஒருவரின் உரையும் இருந்தது. வட்டைக் கணினியில் இட்டோம். கருவி முனகியது; சுழன்றது; இறுதியில் உள்ளே வட்டே இல்லை என்று அறிவித்தது. "வட்டு பழுதாகிவிட்டது, சேர்" என்று கூறிய இளைஞர் அதனைக் குப்பைக் கூடையில் இடப்போனார். வேறொரு கணினியில் இட்டுப் பார்ப்போம் என்றேன். அங்கே ஆசிரியரின் குரல் தெளிவாக ஒலித்தது. குற்றம் வட்டினதன்று, கருவியினதே.

இறுவட்டு எழுதி என்பது ஒளியால் எழுதி ஒளியால் படிக்கும் கருவியாகும். ஒருமுறை எழுதத்தக்க வட்டினுள் மெல்லிய சாயப்படலம் உண்டு. லேசர்க் கதிர் சுட்ட இடமும் சுடாத இடமும் ஒளியை வெவ்வேறளவில் திருப்புகின்றன. அவ்வேறுபாடே எழுத்து. சீடியில் அடுத்தடுத்த சுற்றுக்களுக்கிடையேயுள்ள தூரம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 1.6 பங்கேயாம். இத்துணை நுண்ணிய வேலைக்குச் சிறு தூசும் பெருந்தடையன்றோ?

ஆகவே, முதலில் அதே வட்டை வேறு கருவியிலும், வேறு வட்டை அதே கருவியிலும் இட்டுப் பார்த்தல் வேண்டும். சில கருவிகள் டிவிடியைப் படித்துச் சீடியை மறுக்கும். சீடிக்கு 780 நனோமீற்றர் அலைநீளமுள்ள கதிரும், டிவிடிக்கு 650 நனோமீற்றர் கதிரும் பயன்படுகின்றன. ஒன்று நலிந்தபோதும் மற்றது இயங்கக்கூடும் என்பதே காரணம்.

வட்டில் அழுக்கிருப்பின் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க. வட்டமாகத் துடைத்தல் ஆகாது; எழுத்தின் வழியே கீறல் விழுந்தால் பல தகவல்கள் தொடர்ந்து அழியும். சீடியின் பெயர் எழுதும் பக்கத்தை இன்னும் கவனமாகப் பேணுக. எழுத்துப் படலம் அப்பக்கத்திற்கு மிக அண்மையிலேயே உள்ளது.

அடுத்தது வில்லை. மடிக்கணினியின் தட்டை வெளியே இழுத்தால் அது கண்ணிற்படும். கணினியை நிறுத்தியபின், இறப்பர்க் குமிழால் காற்றை ஊதித் தூசை அகற்றலாம். வாயால் ஊதினால் எச்சில் படியும். இயங்கும் கருவியைப் பிரித்துப் பார்த்தலோ தீது. அதன் கதிர் கண்ணைக் கெடுக்கவல்லது.

படித்தல் நன்றாயிருந்தும் எழுதுதல் தவறுமாயின், உச்ச வேகத்தை விடுத்து நடுத்தர வேகத்தைத் தெரிந்தெடுத்து, வேறு தயாரிப்பு வட்டொன்றில் எழுதிப் பார்க்க. யூஎஸ்பி வடத்தால் இணைத்த கருவிக்குப் போதிய மின் கிடைக்காமையும் பிழைக்குக் காரணமாகலாம். எனவே, அதனை இடையிணைப்பின்றி நேரே கணினியில் இணைத்தல் நன்று. எழுதி முடிந்ததும் சரிபார்க்கும்படி மென்பொருளைப் பணித்தலும் வேண்டும். இத்தனை செய்தும் பயனின்றேல், லேசர் நலிந்துவிட்டதெனக் கொண்டு கருவியை மாற்றுதலே சிக்கனம்.

ஒன்று நினைவிருக்கட்டும். சாயப்படலமும் வெப்பத்தாலும் வெயிலாலும் நாளடைவில் மங்கும். புதிய கணினிகள் பலவற்றில் இக்கருவியே இல்லை. உங்கள் வீட்டு அலுமாரியில் திருமணப் பதிவோ, பாட்டியாரின் குரலோ உறங்குமாயின், படிக்கவல்ல கருவி கையிலிருக்கும்போதே அதனை வேறு இரண்டு இடங்களிற் படியெடுத்து வைப்பீராக. எங்கள் ஆசிரியரின் குரல் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றது. கூடையில் விழவிருந்த வட்டையும் நாங்கள் எறியவில்லை.