செயலிக் கடையும் காரியாலய ஆங்கிலமும்



அறபுக் கல்லூரியில் ஓதும் மாணவனுக்கு, ஒரு பாடத்தைத் தொடங்கும்போதே அதன் முக்கிய சொல்லுக்கு இரண்டு பொருள்கள் சொல்லிக் கொடுக்கப்படும். ஒன்று 'லுகத்', அதாவது மொழியில் அச்சொல்லுக்குள்ள பொருள். மற்றது 'இஸ்திலாஹ்', அதாவது அத்துறையினர் அதற்கு வைத்திருக்கும் பொருள். 'ஸலாத்' என்பதற்கு மொழியில் பிரார்த்தனை என்று பொருள். பிக்ஹில் அது தக்பீரில் தொடங்கி ஸலாமில் முடியும் வணக்கமாகும். 'ஸவ்ம்' என்பதற்கு மொழியில் தடுத்துக்கொள்ளல் என்று பொருள். பிக்ஹில் அது நோன்பாகும். இந்த வேறுபாட்டை அறியாதவர் கிதாபைப் பிழையாகவே விளங்கிக்கொள்வார்.

இன்று நம் பிள்ளைகள் பலர் கணனி நிறுவனங்களில் உத்தியோகம் பார்க்கிறார்கள். அங்கு பேசப்படும் ஆங்கிலத்துக்கும் இதே விதி பொருந்தும். பரீட்சையில் ஆங்கிலத்துக்குச் சிறப்புச் சித்தி பெற்ற பிள்ளையும் முதல் நாள் கூட்டத்தில் திகைத்துப் போகலாம். அப்பிள்ளைக்குச் சொல்லின் லுகத் தெரியும்; இஸ்திலாஹ் தெரியாது.

கையடக்கத் தொலைபேசிச் செயலிகளைப் பலர் கண்ணில் படச் செய்யும் வேலையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அப்பிள் நிறுவனம் 2008 ஜூலையில் தனது 'அப் ஸ்டோர்' என்னும் செயலிக் கடையைத் திறந்தபோது அதில் சுமார் 500 செயலிகளே இருந்தன. அதே ஆண்டில் வந்த கூகுளின் கடை 2012 முதல் 'கூகுள் பிளே' என அழைக்கப்படுகிறது. இன்று இக்கடைகளில் இலட்சக்கணக்கான செயலிகள் குவிந்து கிடக்கின்றன. ஆகவே தேடுபவரின் கண்ணுக்கு முன்னால் வருவதே ஒரு தனித் தொழிலாகிவிட்டது. அதனை 'அப் ஸ்டோர் ஒப்டிமைசேஷன்' என்றும், சுருக்கமாக 'ஏ.எஸ்.ஓ.' என்றும் சொல்வார்கள்.

தெரிந்த சொல், தெரியாத பொருள்

'கன்வர்ஷன்' என்றதும் நமக்கு மதமாற்றம்தான் நினைவுக்கு வரும். இத்தொழிலில், செயலியின் பக்கத்தைப் பார்த்தவர் அதனைத் தன் தொலைபேசியில் இறக்கிக்கொள்வதே கன்வர்ஷன். பக்கத்தைப் பார்த்த 100 பேரில் 25 பேர் இறக்கிக்கொண்டால் 'கன்வர்ஷன் ரேட்' 25 சதவீதம்.

'இம்ப்ரெஷன்' என்றால் மனதில் ஏற்படும் பதிவு என்று படித்திருப்பீர்கள். இங்கே அது, செயலி கடையில் எத்தனை தடவை கண்ணுக்குக் காட்டப்பட்டது என்னும் எண்ணிக்கை.

'ஓர்கனிக்' என்றால் இரசாயனப் பசளை இடாத மரக்கறி. இங்கே அது, பணம் கொடுத்த விளம்பரமின்றித் தாமாகத் தேடி வந்தவர்களைக் குறிக்கும்.

'ரிடென்ஷன்' என்பது இறக்கிக்கொண்டவர்களில் எத்தனை பேர் தொடர்ந்து பாவிக்கிறார்கள் என்பதைக் குறிக்கும்.

'ராங்க்' என்னும் சொல்லுக்குப் பின்னால் 'ஃபோர்' வரவேண்டும். "வீ ராங்க் தேர்ட் ஃபோர் பிரேயர் டைம்ஸ்" என்றால், 'பிரேயர் டைம்ஸ்' என்று ஒருவர் தேடும்போது நமது செயலி மூன்றாவதாக வருகிறது என்பது பொருள்.

எழுத்துக்கும் கணக்குண்டு

இரண்டு கடைகளிலும் செயலியின் பெயருக்கு 30 எழுத்துகளே இடம். அப்பிள் கடையில் 'சப்டைட்டில்' என்னும் துணைத் தலைப்புக்கு இன்னுமொரு 30. அத்துடன், பாவனையாளர் கண்ணுக்குத் தெரியாத 'கீவேர்ட்' பகுதிக்கு 100. தேடுவோர் எந்தச் சொல்லைத் தட்டுவார்களோ அச்சொல்லே கீவேர்ட். பெயரில் இட்ட சொல்லை அங்கே மீண்டும் இடுவது இடத்தை வீணாக்குவதாகும். கூகுள் பிளேயில் அப்படியொரு பகுதி கிடையாது. அங்கே சுருக்க விபரத்துக்கு 80 எழுத்துகளும் முழு விபரத்துக்கு 4000 எழுத்துகளும் உண்டு.

தொழுகை நேரங்களைக் காட்டும் ஒரு செயலியை நினைத்துப் பாருங்கள். அறபு பேசுபவர் 'ஸலாத்' என்று தேடுவார். உருதுக்காரரும் துருக்கியரும் 'நமாஸ்' என்பார்கள். மலாய்க்காரர் 'ஸொலாட்' என்பார். நம்மவர் 'தொழுகை' என்றோ 'பாங்கு' என்றோ தேடுவார். ஒவ்வொரு மக்களின் வாய்ச்சொல்லுக்கும் ஏற்ப விபரங்களை அமைப்பதே 'லோக்கலைஸேஷன்'. மொழி பெயர்ப்பதோடு இவ்வேலை முடிவதில்லை. அந்த மக்கள் எச்சொல்லைப் புழங்குகிறார்கள் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

சொல்லுக்குப் பின்னால் உள்ள பொறுப்பு

இனி, நாம் மிகக் கவனமாக இருக்கவேண்டிய சொற்களுக்கு வருவோம்.

'கிளெய்ம்' என்றால் காப்புறுதிப் பணம் கோருவது என்றே நம்மில் பலர் அறிவோம். இங்கே அது, நமது செயலி இன்னதைச் செய்யும் என்று நாம் சொல்லும் வாக்கு. 'மிகச் சிறந்தது', 'முதலிடம்', 'இலவசம்' போன்ற சொற்களைச் செயலியின் பெயரில் இடுவதைக் கூகுள் 2021 இல் தடை செய்தது. 'ஸ்கிரீன்ஷொட்' என்னும் திரைப்படங்கள் செயலியின் உண்மைத் தோற்றத்தைக் காட்டவேண்டும் என்பது அப்பிளின் விதி.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றபோது அதனுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி சொன்னார். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான சம்பவம். ஸ்கிரீன்ஷொட் என்பது இக்காலக் குவியலின் மேற்பகுதி. மேலே காட்டுவதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும்.

"பூஸ்ட் த ரேட்டிங்" என்று மேலதிகாரி சொன்னால் அதற்கு இரண்டு பொருள்கள் கொள்ளலாம். செயலியின் குறைகளைத் திருத்தி, பாவிப்பவர்களிடம் மதிப்பெண் கேட்பது ஒன்று. பணம் கொடுத்துப் பொய்யான புகழுரைகளை எழுதுவிப்பது மற்றொன்று. பின்னையதை 'ஃபேக் ரிவியூ' என்பார்கள். இரு கடைகளும் இதைத் தடை செய்துள்ளன. பொய்யான ரிவியூக்களை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கும் விதி அமெரிக்காவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நமது பிக்ஹில் இதற்கு நெருக்கமான ஒன்று 'நஜ்ஷ்'. வாங்கும் எண்ணமில்லாத ஒருவர், மற்றவரை ஏமாற்றுவதற்காகப் பொருளின் விலையைக் கூட்டிக் கேட்பதும் அதைப் போலியாகப் புகழ்வதும் நஜ்ஷ் எனப்படும். நபியவர்கள் இதைத் தடுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

இவ்வாறான கட்டளை வந்தால் சண்டை பிடிக்கத் தேவையில்லை. "திஸ் வயலேட்ஸ் த ஸ்டோர் பொலிஸி" என்று சொல்லலாம். இது கடையின் விதியை மீறுகிறது என்பது பொருள். அதோடு நின்றுவிடாமல், "லெட் அஸ் ஆஸ்க் ரியல் யூஸர்ஸ் ஃபோர் ரிவியூஸ்" என்று மாற்றுவழியையும் காட்டலாம். உண்மையான பாவனையாளர்களிடம் கருத்துக் கேட்போம் என்பது பொருள். பணிவாகவும் தெளிவாகவும் பேசுபவரின் சொல்லுக்குக் காரியாலயத்தில் மதிப்புண்டு.

உத்தியோகத்துக்குப் போகும் இளைஞர்களே, யுவதிகளே! ஒரு கொப்பியை எடுத்து மூன்று கோடுகள் கீறி நான்கு பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவதில் சொல், இரண்டாவதில் லுகத், மூன்றாவதில் இஸ்திலாஹ், நான்காவதில் அச்சொல் வந்த ஒரு வாக்கியம். நாளொன்றுக்கு மூன்று சொற்கள் போதும். மாத முடிவில் ஏறக்குறைய 90 சொற்கள் உங்கள் கைவசம் இருக்கும்.

பெற்றோர்களே! பிள்ளையின் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, வேலை என்னவென்றும் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். தமிழில் உங்களுக்கு விளங்கப்படுத்த முடிந்தால், பிள்ளைக்கு அச்சொற்களின் பொருள் விளங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். எந்த வேலைக்குத் தன் கை உதவுகிறது என்பதும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள அறிவையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.