மேலே பூசாதீர்கள், இடித்துப் பாருங்கள்!

கடையில் ஒரு பலகை ஆடினால் அன்றைக்கே ஆசாரியை அழைத்துச் சரி செய்து விடுவோம். ஆனால் வீட்டில் இருக்கும் கோளாறு பத்து வருஷமானாலும் நம் கண்ணில் படுவதில்லை. காலையில் கடை திறக்கப் போய் இரவு பத்து மணிக்குத் திரும்புகிற வியாபாரிக்கு வீடு என்பது உறங்குகிற இடம்தான். இந்த அலட்சியத்துக்கு என் வீட்டில் விலை கொடுத்தவர் என் மனைவி.

எங்கள் வீடு 1987-ல் கட்டியது. தரைத்தளத்தில் குளியலறையும் கழிப்பறையும் ஒரே அறை. ஏழு அங்குல உயரத்துக்கு ஒரு மேடை கட்டி, அதில் இந்தியன் கிளாசெட்டைப் பதித்திருந்தார்கள். நாளடைவில் அந்த மேடை ஒரு பக்கம் இறங்கிச் சாய்ந்து விட்டது. இறங்கிய மூலையில் தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும். "பார்த்து இறங்கணும்" என்று சொல்லியே எல்லோரும் பழகிக் கொண்டோம்.

2023-ல் ஒரு விடியற்காலை, என் மனைவி அந்த மேடையிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. இடுப்பு எலும்பு தப்பியதே பெரிது என்றார் டாக்டர். மேடையைச் சரி செய்யும்படி மூன்று வருஷமாக அவர் சொல்லி வந்தது அப்போதுதான் என் காதில் ஏறியது.

முதலில் வந்த கொத்தனார், "அண்ணாச்சி, இதை இடிச்சா வேலை இழுத்துக்கிட்டே போகும். சுத்தியும் தரையை உயர்த்தி, மேலேயே டைல்ஸ் ஒட்டிடலாம். நாலு நாள்தான்" என்றார். தொகையும் குறைவு. நானும் சரி என்று சொல்ல இருந்தேன். என் மனைவிதான், "மூட்டையை அவிழ்த்துப் பார்க்காமல் சரக்கு வாங்குவீர்களா?" என்று கேட்டார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

யோசித்துப் பார்த்தால், தரையை உயர்த்தினால் அது அறை வாசலை விட மேடாகி, குளிக்கிற தண்ணீர் படுக்கையறைக்குள் வந்துவிடும். ஒரு தட்டு தாழ்ந்த தராசில் மறு தட்டில் கல்லைப் போட்டு நேராகக் காட்டுவது போன்ற வேலை அது.

இரண்டாவதாக வந்தவர் இடித்தே பார்த்தார். உள்ளே இருந்தது இதுதான். இந்தியன் கிளாசெட்டுக்கு, நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேக்கி வைக்கும் டிராப் தனியாக, தரைக்கு அடியில் இருக்கும். அதற்கு ஆழம் வேண்டும். வெளியே சேம்பர் ஆழமில்லாமல் கட்டப்பட்டிருந்ததால், கழிவு சரிவாக ஓட வேண்டுமே என்று கிளாசெட்டை மேலே தூக்கியிருக்கிறார்கள். மேடை வந்த காரணம் அதுதான்.

மேடை சாய்ந்ததற்குக் காரணம் வேறு. டிராப்பிலிருந்து போன மண் குழாயின் இணைப்பு விட்டுப்போய், பல வருஷமாகக் கசிந்த தண்ணீர் அடியில் நிரப்பியிருந்த மணலை அரித்துக் கொண்டு போயிருந்தது. சுவர் ஓரம் கை நுழையும் அளவுக்குப் பள்ளம். மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தால் தரை பளபளப்பாக இருந்திருக்கும். கசிவு அஸ்திவாரத்தின் பக்கம் போய்க்கொண்டே இருந்திருக்கும்.

வெஸ்டர்ன் கமோடில் டிராப் பீங்கானுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. எனவே அடியில் தனி டிராப் தேவையில்லை, மேடையும் தேவையில்லை. மூட்டு வலிக்காரர்களுக்கு உட்கார்ந்து எழவும் சுலபம். மேடையை அடியோடு எடுத்துவிட்டு, நாலு அங்குல பி.வி.சி. குழாய் போட்டு, தரையை ஒரே மட்டமாக்கினோம்.

நாலு நாள் வேலை பதினொரு நாள் ஆயிற்று. முதலில் வந்தவர் கேட்ட தொகையைப் போல் இரண்டு மடங்கு செலவு. வீட்டில் இருப்பது ஒரே கழிப்பறை. பதினொரு நாளும் அடுத்த வீட்டுக்காரர் தயவில் ஓடியது. இவற்றை மறைக்காமல் சொல்கிறேன். அப்படியும் நஷ்டம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதே வேலை செய்ய நினைப்பவர்களுக்கு, நான் கற்றுக்கொண்ட சில விஷயங்கள்:

1. இடிப்பதற்கு முன் டியூப் லெவல் பிடித்து, வெளி சேம்பருக்குள் குழாய் சேரும் மட்டத்தைப் பாருங்கள். நாலு அங்குலக் குழாய்க்குப் பத்து அடிக்கு இரண்டு முதல் மூன்று அங்குலம் சரிவு வேண்டும். அது கிடைக்காவிட்டால் சேம்பரையும் ஆழப்படுத்த வேண்டியிருக்கும்.

2. பெரிய சம்மட்டியால் அடிக்க விடாதீர்கள். ஓரத்திலிருந்து உளி வைத்துக் கொத்தினால் சுவர் டைல்ஸும் தண்ணீர்க் குழாயும் தப்பும்.

3. பள்ளத்தை மணல் போட்டுத் தண்ணீர் விட்டு, நன்றாகத் திமிசு போட்டு இறுக்கிய பிறகே கான்கிரீட் போட வேண்டும். அவசரப்பட்டால் மறுபடியும் தரை இறங்கும்.

4. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைச் சுவரிலும் ஓர் அடி உயரம் ஏற்றுங்கள். பூச்சு காய்ந்ததும் தண்ணீர் கட்டி இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள்.

5. ஆறு அடி நீளத்துக்கு ஓர் அங்குலம் வாட்டம் இருந்தால் தண்ணீர் தேங்காது. வழவழப்பு டைல்ஸ் வேண்டாம். சொரசொரப்பானதே கால் பிடிக்கும். கமோடு பக்கம் ஒரு கைப்பிடிக் கம்பி அவசியம்.

6. மாடியில் என்றால் கூடுதல் ஜாக்கிரதை. கான்கிரீட் தளத்தைக் கொத்தவே கூடாது. தளம் தாழ்த்திப் போடப்படாத மாடிக் குளியலறையில், சுவர் வழியாகக் கழிவு வெளியேறும் பி-டிராப் கமோடு வைப்பதே வழி. என்ஜினீயரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

7. அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மொத்தக் காண்டிராக்ட் பேசாதீர்கள். இடிப்பதற்கு நாள் கூலி, திறந்து பார்த்த பிறகு மீதி வேலைக்கு விலை என்பதே இருவருக்கும் நியாயம்.

நம் கடைகளிலும் கிட்டங்கிகளிலும் பின்பக்கம் ஒரு கழிப்பறை உண்டு. வேலையாட்கள் அதில் வழுக்கி விழாமல் வருகிறார்களா என்று நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? என் கடையிலும் அப்படி ஒரு மேடை இருப்பதை வீட்டு வேலை முடிந்த பிறகுதான் கவனித்தேன். அடுத்த மாதம் அதையும் இடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

என் மனைவிக்குக் கை கூடிவிட்டது. ஆனால் குளிர் காலத்தில் மணிக்கட்டு வலிக்கிறது என்கிறார். மூன்று வருஷம் முன்பே அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் அந்த வலி வந்திருக்காது. இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ, அங்கே வேலை இருக்கிறது.