கோபம் டெல்லி மேல். திட்டு தாம்பரம் தொழிலாளிக்கா?

அசாமின் சில்காட்டில் கிளம்பும் நாகான் எக்ஸ்பிரஸ் வந்து முடிவது தாம்பரத்தில். அதில் மூட்டை முடிச்சோடு இறங்கும் தொழிலாளர்களில் பலர் வீட்டில் பேசுவது அசாமியோ வங்காளமோதான். இந்தி அவங்களுக்கும் ரெண்டாவது மொழி. ஆனா இங்கே எல்லாருக்கும் ஒரே பேர், ‘வடக்கன்’.

மொழிக்கான செலவு மேல் இருக்கிற கோபம் நியாயமானது. ஆர்டிஐ தகவல்படி, 2014-15 முதல் 2024-25 வரை சம்ஸ்கிருதத்துக்கு மத்திய அரசு கொடுத்தது சுமார் 2,533 கோடி ரூபாய். தமிழுக்கு? சுமார் 113 கோடி. (சம்ஸ்கிருதத்தை வீட்டில் பேசுகிற கட்டிடத் தொழிலாளியை யாராவது பார்த்ததுண்டா?)

இந்த முடிவை எடுத்தது டெல்லி. சித்தாள் வேலைக்கு வந்தவர் இல்லை. ஆனாலும் ரெண்டு கோபமும் சேர்ந்தால் வதந்திக்கு வழி சுலபம். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. பீகார் அரசுக் குழுவே நேரில் வந்து விசாரித்தது. அதற்குள் பயந்துபோன பலர் ஊருக்கு ரயில் ஏறியிருந்தார்கள்.

‘அவங்க பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர நம்ம வரிப்பணமா?’ என்ற கேள்வியும் வருது. வேலைக்கு வந்தவரும் சோப்பு, பேஸ்ட், செல்போன் ரீசார்ஜ் என எல்லாத்துக்கும் இங்கேதான் ஜிஎஸ்டி கட்டுகிறார்.

இன்னொரு விஷயம். மும்மொழிப் பிரச்சினையில் தமிழ்நாட்டுக்கு 2024-25இல் நிறுத்தப்பட்ட 2,152 கோடி ரூபாய், சமக்ர சிக்‌ஷா நிதி. பள்ளிக்குப் போகாத, இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்சியும் அந்தத் திட்டத்தில்தான் வருகிறது.