தூசிக்குள் வளரும் விண்மீன்

பிப்ரவரி மாதம் இரவு 9 மணி வாக்கில் ஈப்போவில் அண்ணாந்து பார்த்தால், ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே மூன்று விண்மீன்கள் வரிசையாக நிற்கும். ஓரியன் வேட்டைக்காரனின் இடைவார் அது. அங்கிருந்து செந்நிறத் திருவாதிரை இருக்கும் பக்கம் கண்ணைச் சற்று நகர்த்தினால் இருட்டுதான். சுங்கை சிப்புட் பக்கம், தெருவிளக்கு எட்டாத பழைய தோட்டங்களில் நின்று பார்த்தாலும் அப்படித்தான்.

ஆனால் அந்த இடம் காலியாக இல்லை. சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் அங்கே ஒரு மூலக்கூற்று மேகம் பரந்து கிடக்கிறது. குளிர்ந்த ஹைட்ரஜன் வாயுவும் நுண்தூசியும் கலந்த மேகம். அதன் அடர்ந்த பகுதிகள் தம் எடையாலேயே உள்நோக்கிச் சரிந்து விண்மீன்களாகத் திரள்கின்றன.

2004 ஜனவரியில் ஜே மெக்நீல் என்ற அமெரிக்க ஆர்வலர், 3 அங்குலத் தொலைநோக்கியில் இந்தப் பகுதியைப் படமெடுத்தார். பழைய படங்கள் பெரும்பாலானவற்றில் இல்லாத ஓர் ஒளித்திட்டு அதில் தெரிந்தது. வி1647 ஓரியோனிஸ் என்ற இளம் விண்மீன் திடீரெனப் பிரகாசமடைந்து, சுற்றியிருந்த தூசியை ஒளிர வைத்திருந்தது.

இத்தகைய குழந்தை விண்மீன்களை ஆராய அகச்சிவப்புக் கதிர்தான் கைகொடுக்கிறது. ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகையில் புகை மண்டினால் கண்ணுக்கு நெருப்பு தெரியாது, முகத்தில் வெக்கை மட்டும் அடிக்கும். மேகத் தூசியும் கட்புல ஒளியைச் சிதறடித்துவிடுகிறது. அலைநீளம் கூடிய அகச்சிவப்போ பெருமளவு தப்பி வெளியே வருகிறது.

அதைப் பிடிக்க ஈப்போ தோதான இடமல்ல. காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதனால்தான் இந்திய வானியலாளர்கள் லடாக்கின் ஹான்லேக்குப் போனார்கள். 4,500 மீட்டர் உயரம், வறண்ட காற்று. அங்குள்ள 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூரு அருகே ஹொஸகோட்டேயில் இருந்தபடி, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள்.

வி1647 ஓரியோனிஸ் 2006-இல் மங்கி, 2008-இல் மீண்டும் பொங்கியது. ஜோ பிலிப் நினான், தேவேந்திர ஓஜா உள்ளிட்ட குழுவினர் ஹான்லேயிலிருந்தும் புனே அருகேயுள்ள கிராவலியிலிருந்தும் 2013 மார்ச் வரை அதைக் கண்காணித்தனர். கட்புல ஒளியிலும் அகச்சிவப்பிலும் 124 இரவுகள் அதன் பிரகாசத்தை அளந்தார்கள். முதல் பொங்குதல் இரண்டு ஆண்டுகளில் தணிந்தது. இரண்டாவதோ நான்கு ஆண்டுகள் கடந்தும் அப்போது ஓய்ந்திருக்கவில்லை.

இந்தப் பொங்குதலுக்குக் காரணம், விண்மீனைச் சுற்றும் வாயுத்தட்டு. அதிலிருந்து வாயு சீராக விழுவதில்லை. சில காலம் சொட்டும், சில காலம் கொட்டும். கொட்டும்போது விண்மீன் பிரகாசிக்கும். ஓரியனிலேயே எஃப்யூ ஓரியோனிஸ் 1936 வாக்கில் இப்படிப் பொங்கியது. இன்னும் பழைய மங்கல் நிலைக்குத் திரும்பவில்லை.