பில் போடும்போது கம்ப்யூட்டர் அணைந்து போகிறதா?

மாலை ஆறரை மணி. கடை வாசலில் எட்டுப் பேர் நிற்கிறார்கள். மாதச் சாமான் பட்டியலில் இருபது உருப்படிகளைப் பதிந்தாகிவிட்டது. திடீரென்று திரை இருண்டு கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது. பட்டனை அழுத்தி, அது மறுபடி எழுந்து, பில் போடும் பக்கம் திறப்பதற்குள் இரண்டு வாடிக்கையாளர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். வணிகப் பெருமக்களில் பலர் இந்தத் தொல்லையை அனுபவித்திருப்பீர்கள்.

நம் கடைகளில் உள்ள கம்ப்யூட்டர்களில் பல, கம்பெனியில் முழுதாக வாங்கியவை அல்ல. சென்னை ரிச்சி தெருவிலோ உள்ளூர்க் கடையிலோ பாகங்களைத் தனித்தனியே வாங்கி, விவரம் தெரிந்த ஒருவரை வைத்துப் பூட்டிக்கொண்டவை. அதில் தவறில்லை. செலவு குறைவு, ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் குறை வந்தால் முழுப் பொறுப்பு ஏற்க ஆள் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். விற்றவர் மதர் போர்டைக் குறை சொல்வார். போர்டு விற்றவர் மின்சாரத்தைக் குறை சொல்வார். நாம் ஒவ்வொன்றாக மாற்றிக் காசை இழப்போம்.

இது நானே பட்டு அறிந்தது. என் கடையில் தினமும் மாலையில் கம்ப்யூட்டர் அணைந்தது. எஸ்.எம்.பி.எஸ். மாற்றினேன், பிறகு மெமரி மாற்றினேன். ஐயாயிரம் ரூபாய் போயிற்று, தொல்லை போகவில்லை. குறை எங்கே இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். பாகத்தை மாற்றுவது கடைசி வேலை. எப்போது, எப்படி அணைகிறது என்று கவனிப்பதே முதல் வேலை என்று அன்று கற்றுக்கொண்டேன்.

முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள்

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் கணக்குக் கோப்பே சேதமாகலாம். கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கலாம். பாக்கிக் கணக்கு போனால் யாரிடம் போய்க் கேட்பது? ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஒரு நிதியாண்டின் கணக்குகளை அவ்வாண்டின் ஆண்டறிக்கை தாக்கலுக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். ஆகவே ஒரு முறை காரணமின்றி அணைந்தாலே, அன்றே பில்லிங் மென்பொருளில் உள்ள 'பேக்கப்' மூலம் இரண்டு பென் டிரைவ்களில் பிரதி எடுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில் இருக்கட்டும். குறை தீரும்வரை தினமும் கடை சாத்தும் முன் இதைச் செய்யுங்கள்.

ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நோட்டு போதும். ஒவ்வொரு முறையும் தேதி, மணி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், கடையில் வேறு எந்தச் சாதனம் ஓடியது, மானிட்டர் விளக்கு எரிந்ததா, மறுபடி எப்படிக் கிளம்பியது என்று எழுதுங்கள். ஐந்தாறு பதிவு சேர்ந்தால் வழி தெரிந்துவிடும்.

அணைவதிலும் வகை உண்டு. சிறிது நேரம் தொடாமல் விட்டபோது மட்டும் திரை இருண்டு, விசையைத் தட்டியதும் வேலை அப்படியே திரும்பினால் அது தூக்க நிலை. விண்டோஸில் பவர் அமைப்பை மாற்றினால் போதும். நீலத் திரை காட்டி, தானே மறுபடி கிளம்பினால் பெரும்பாலும் மெமரியோ, மென்பொருளோ, டிஸ்க்கோ காரணம். விண்டோஸில் உள்ள மெமரி சோதனையை ஓட விடுங்கள். எந்த அறிவிப்பும் இல்லாமல் பட்டென்று அணைந்தால் மின்சாரம் அல்லது வெப்பம்.

விண்டோஸின் நிகழ்ச்சிப் பதிவேட்டில் 'கெர்னல்-பவர் 41' என்று இருப்பதைப் பார்த்துச் சிலர் பயப்படுவார்கள். முறையாக மூடாமல் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்பதே அதன் பொருள். அணைந்த நேரத்தை அறிய அது உதவும். காரணத்தை அது சொல்லாது.

குறை வெளியிலா, உள்ளேயா?

மானிட்டரும் சி.பி.யு. பெட்டியும் ஒரே யு.பி.எஸ்.ஸில் இருக்குமானால், அணையும் நொடியில் மானிட்டரின் சிறு விளக்கைப் பாருங்கள். அதுவும் அணைந்தால் பெரும்பாலும் குறை பெட்டிக்கு வெளியே: யு.பி.எஸ்., எக்ஸ்டென்ஷன் பெட்டி, பிளக் பாயிண்ட் இவற்றில் ஒன்று. மானிட்டர் விளக்கு எரிந்துகொண்டே 'சிக்னல் இல்லை' என்று காட்டினால் குறை பெட்டியிலோ அதற்கு வரும் ஒயரிலோ. பெட்டியின் பின்புறம் ஒயர் தளர்ந்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். மளிகைக் கடையில் எலிக்குப் பஞ்சமில்லை.

என் கடையில் மானிட்டர் விளக்கும் சேர்ந்தே அணைந்தது. அதைக் கவனித்திருந்தால் ஐயாயிரம் மிஞ்சியிருக்கும். மாலையில் எல்லா விளக்கும் எரியும் நேரத்தில், அதே லைனில் உள்ள ஐஸ்கிரீம் ஃப்ரீசரின் கம்ப்ரசர் கிளம்பும்போது வோல்டேஜ் சரிந்தது. உடனே யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறியது. நாலு வருடப் பழைய பேட்டரி பாரம் தாங்காமல் படுத்தது. பேட்டரியை மாற்றி, ஃப்ரீசருக்குத் தனி லைன் இழுத்தபின் தொல்லை தீர்ந்தது.

யு.பி.எஸ்.ஸைச் சோதிப்பது எளிது. எல்லாவற்றையும் மூடி, கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பி பயாஸ் திரையில் நிறுத்துங்கள். அங்கே கணக்குக் கோப்பு எதுவும் திறந்திருக்காது. பிறகு யு.பி.எஸ். செருகிய சுவரின் சுவிட்சை அணையுங்கள். சில நிமிடங்களாவது தாங்க வேண்டும்; உடனே படுத்தால் பேட்டரி போய்விட்டது. லேசர் பிரிண்டரை ஒருபோதும் சிறு யு.பி.எஸ்.ஸில் செருகாதீர்கள். அது சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சிறு யு.பி.எஸ். தாங்காது.

உள்ளே என்றால்

கிளப்பியதும் பயாஸ் திரைக்குப் போய் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். அங்கேயும் அணைந்தால் விண்டோஸ் மேல் பழி இல்லை. இனிப் பார்க்க வேண்டியவை நான்கு.

1. வெப்பம்: ஓடி ஓடிச் சூடேறி அணைந்து, ஆறவிட்டால் மறுபடி கிளம்பினால் பெரும்பாலும் இதுதான். பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால் முதலில் வேகத்தைக் குறைக்கும். பிறகும் ஏறி 100 டிகிரி செல்சியஸை ஒட்டியோ தாண்டியோ போனால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். பயாஸிலேயே வெப்ப அளவு தெரியும். சும்மா நிற்கும்போதே 80, 90 என்று ஏறினால் விசிறி சுற்றவில்லை, ஹீட் சிங்க் நான்கு மூலையிலும் அழுந்தவில்லை, அல்லது இடையில் உள்ள பசை காய்ந்துவிட்டது. நம் கடையில் மாவும் மிளகாய்த் தூளும் பறந்து விசிறியில் படியும். பெட்டியை மூட்டைகளுக்கு நடுவே வைக்காமல், தரையிலிருந்து உயர்த்தி, பின்புறம் காற்றுப் போக இடம் விட்டு வையுங்கள்.

2. எஸ்.எம்.பி.எஸ்.: அணைந்தபின் பட்டனுக்கு மசியாமல், ஒயரைப் பிடுங்கிச் சற்றுப் பொறுத்துச் செருகினால்தான் கிளம்புகிறது என்றால் இதன் மேல் சந்தேகம் கொள்ளலாம். மெக்கானிக்கிடம் மல்டி மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்க வேண்டும். புதிது வாங்கும்போது பெட்டி மேல் பெரிதாக எழுதிய வாட்ஸை நம்பாமல், லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்கிப் பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட்தான்.

3. பவர் பட்டன்: பட்டனை நாலு விநாடி அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் அணையும். பட்டன் உள்ளே ஒட்டிக்கொண்டாலும் அதே கதைதான். கிளப்பியபின் மெக்கானிக் பட்டனின் இரண்டு முள் ஒயரைப் போர்டிலிருந்து கழற்றி விடட்டும். பிறகு அணையவில்லை என்றால் குறை பட்டனில்தான்.

4. பூட்டியதில் பிழை: பிராசஸர் அருகே செருகும் 4 அல்லது 8 முள் இணைப்பு தளர்ந்திருக்கலாம். போர்டுக்கு அடியில் வேண்டாத இடத்தில் ஒரு பித்தளைத் தாங்கி மாட்டியிருந்து ஷார்ட் ஆகலாம். புதிதாகப் பூட்டிய நாள் முதலே தொல்லை என்றால் இதை முதலில் பாருங்கள்.

எச்சரிக்கை

பெட்டியைத் திறக்கும் முன் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். காற்று ஊதினால் விசிறி சுழலாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதனுள் ஆளை அடிக்கும் மின்சாரம் தேங்கியிருக்கும். தீய்ந்த வாடையோ புகையோ வந்தால் உடனே அணைத்துவிட்டு, மறுபடி கிளப்பிப் பார்க்காமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

மெக்கானிக்கிடம் 'அடிக்கடி அணைகிறது' என்று மட்டும் சொல்லாமல் நோட்டைக் காட்டுங்கள். சந்தேகப்படும் பாகத்தின் இடத்தில் அவரிடம் உள்ள நல்ல பாகத்தை இரண்டு நாள் போட்டு ஓட்டிப் பார்த்த பிறகு வாங்குங்கள். பேரேடு நூறு ரூபாய் இடித்தால் நாம் பேரேட்டையே மாற்றுவதில்லை. வரி வரியாகப் பார்த்து, இடிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறோம். கம்ப்யூட்டருக்கும் அந்தப் பொறுமை போதும்.