உங்களுக்குத் தெரியுமா? பாட்டை நிறுத்திவிட்டு ஊழியத்துக்குப் போன பாடகர்

2008-இல் ‘அமெரிக்கன் ஐடல்’ பாட்டுப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தபோது டேவிட் ஆர்ச்சுலேட்டாவுக்கு வயது 17. அதே ஆண்டு வெளிவந்த அவருடைய ‘க்ரஷ்’ பாடல், பில்போர்டு பட்டியலில் நேராக 2-ஆம் இடத்தில் நுழைந்தது. அப்படிப்பட்டவர் 2011 டிசம்பரில் சால்ட் லேக் சிட்டி மேடையில் கண்கலங்க நின்று, இரண்டு ஆண்டுகள் மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் மதப்பிரசார ஊழியத்துக்குப் போவதாக அறிவித்தார்.

மார்மன் இளைஞர்களுக்கு ஊழிய அழைப்பு வருவதே பெயரெடுக்கிற வயதில்தான். அன்று ஆண்கள் 19 வயதில் புறப்படலாம். 2012 அக்டோபரில் அது 18 ஆனது. சம்பளம் கிடையாது, செலவைப் பெரும்பாலும் ஊழியரோ குடும்பமோதான் ஏற்க வேண்டும். அப்போதெல்லாம் வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை, எங்கே போனாலும் கூடவே ஒரு சக ஊழியர். அந்த நாட்களில் வீட்டாரோடு தொலைபேசியில் பேச வாய்ப்பு கிறிஸ்துமஸிலும் அன்னையர் தினத்திலும் மட்டுமே. ரசிகர்கள் ‘டேவிட்’ என்று கூவி அழைத்தவர், ஊழியத்துக்காகச் சென்ற சிலி நாட்டில் ‘எல்டர் ஆர்ச்சுலேட்டா’ ஆனார் (‘எல்டர்’ என்பது ஆண் ஊழியர்களை அழைக்கும் பட்டம்).

2012 ஆகஸ்டில் அவருடைய ‘பிகின்’ ஆல்பம் வெளியானபோது, அதை மேடையேறிப் பாட அவர் ஊரில் இல்லை. எவ்வளவு பெரிய இழப்பு அது! ரசிகர்களின் ஆதரவு நிலைக்குமா என்று தெரியாமலேயே இளம் கலைஞர் ஒருவர் இதற்குத் துணிந்தது சாதாரணமல்ல. 2014 மார்ச்சில் திரும்பி வந்து மீண்டும் பாடத் தொடங்கினார். பின்னாளில் சபையை விட்டு விலகினாலும், பாட்டை விடவில்லை.