வாரின் இடமும் குழந்தையின் உயிரும்



தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலைக்கும், தீபாவளிச் சாமான் வாங்க ஜார்ஜ்டவுனுக்கும் நம் ஜுரு வட்டாரத்துக் குடும்பங்கள் காரில் பாலம் கடந்து போவது இன்று வழக்கமாகிவிட்டது. பின்னால் பாட்டியின் மடியில் பேரன் இருப்பான். "நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன்" என்பார் பாட்டி. பிடிக்க முடியுமா என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதிலோ மோதி, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ எடையுள்ள குழந்தை அந்தக் கணத்தில் ஏறக்குறைய 140 கிலோ பாரமாகக் கையை இழுக்கும். அது மூன்று உர மூட்டைகளின் பாரத்திற்குச் சற்றே குறைவு. எந்தக் கையும் அதைத் தாங்காது.

சீட் பெல்ட் என்று நாம் சொல்லும் பாதுகாப்பு வாரை முன் ஆசனத்தில் அணிவது நம் நாட்டில் 1979ஆம் ஆண்டிலும், பின் ஆசனத்தில் அணிவது 2009ஆம் ஆண்டிலும் கட்டாயமாயின. 2020 ஜனவரி முதல் நாள் தொட்டு, சொந்தக் கார்களில் குழந்தை இருக்கையும் கட்டாயம். காரின் வார் பெரியவர் உடம்புக்கு அளவெடுத்தது. சிறு பிள்ளைக்கு அது கழுத்திலும் வயிற்றிலும் விழும். ஆகவேதான் தனி இருக்கை.

ஆனால் இருக்கையை வாங்கி வைத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. பல இருக்கைகளைக் காரோடு பிணைப்பது காரின் வார்தான். அந்த வார் வசதியான இடத்தில் அமையாத கார்கள் பல உண்டு. பழைய கார்களில் இது அதிகம். மூன்று சிக்கல்களைக் கவனியுங்கள்.

முதலாவது, பூட்டு. சில கார்களில் வாரின் பூட்டு நீண்ட தண்டில் எழுந்து நிற்கும். வாரை இறுக்கும்போது அது குழந்தை இருக்கைச் சட்டத்தின் விளிம்பில் சாய்ந்துவிடும். மோதலில் பூட்டு நெளிந்து உடையலாம். வார் கழன்றும் போகலாம். சட்டத்தின் விளிம்பில் துணி வார் மட்டுமே பட வேண்டும்.

இரண்டாவது, வார் புறப்படும் இடம். சில ஆசனங்களில் முதுகும் உட்காருமிடமும் சேரும் மடிப்பில் இல்லாமல், அதற்கு முன்னால் வார் கிளம்பும். அப்படிப்பட்ட வார் இருக்கையைக் கீழே அழுத்துமே தவிரப் பின்னால் இழுக்காது. எவ்வளவு இறுக்கினாலும் இருக்கை முன்னே நழுவும்.

மூன்றாவது, இடுப்பு வார் மட்டும் உள்ள ஆசனம். பழைய கார்களின் பின்பக்க நடுவில் இதைக் காணலாம். பல குழந்தை இருக்கைகளுக்கு இடுப்பு, தோள் இரண்டையும் தாங்கும் வார் தேவை. பெரிய பிள்ளையை உயர்த்தி வைக்கும் இருக்கையை இடுப்பு வாரோடு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

இவற்றுக்கு என்ன வழி? வாரைத் திருத்தாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். இடப்பக்கம் பொருந்தாதது வலப்பக்கம் பொருந்தலாம். அங்கும் பொருந்தாவிட்டால் வேறு மாதிரி இருக்கைதான் தேவை. கயிற்றால் கட்டுவது, வாரை நீட்டத் துண்டு சேர்ப்பது, அடியில் தலையணை செருகுவது இவையெல்லாம் ஆபத்து. வாங்குமுன் கடைக்காரரிடம் கேட்டு, உங்கள் காரிலேயே மாட்டிப் பாருங்கள்.

மாட்டும்போது, இருக்கையைக் கையாலோ முழங்காலாலோ அழுத்திக்கொண்டு, வாரை முறுக்கில்லாமல் இழுத்து இறுக்குங்கள். பிறகு வார் நுழையும் இடத்தில் இருக்கையைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஓர் அங்குலத்திற்கு மேல் நகர்ந்தால் அது சரியாக மாட்டப்படவில்லை. குழந்தையின் தோளில் வரும் உள்வாரை விரல்களால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு எடுக்க வந்தால் இன்னும் இறுக்க வேண்டும்.

கைக்குழந்தை காரின் பின்புறத்தைப் பார்த்தபடி, குறைந்தது 15 மாதம் வரை உட்கார வேண்டும். அதன் தலை பாரம், கழுத்து மெல்லியது. மோதும்போது இருக்கையின் முதுகு இரண்டையும் சேர்த்துத் தாங்கும். இந்த இருக்கையைக் காற்றுப்பை உள்ள முன் ஆசனத்தில் வைக்கவே கூடாது. விரியும் பை குழந்தையின் தலைக்குப் பின்னால் பலமாக இடிக்கும்.

இன்னொன்று. வெயிலில் நின்ற காரில் பூட்டின் இரும்பு கொதிக்கும். தொட்டுப் பார்த்த பிறகே பிள்ளையை உட்கார வையுங்கள்.

தாய்மார்களே, சேலையில் தொட்டில் கட்டினால், பிள்ளையைப் போடுமுன் கையால் இழுத்துப் பார்க்காமல் விடுவீர்களா? காரின் இருக்கைக்கும் அந்த ஓர் இழுப்பு வேண்டும். பக்கத்துக் கடைக்குப் போனாலும், பாலம் கடந்து போனாலும், வண்டி நகருமுன் இழுத்துப் பாருங்கள்.